தாமே ஓதித் தெளிந்த முன்னோர்
(பெரம்பூர்ப் பௌத்தமும் மறுமை பற்றிய நம்மவர் கருத்துகளும்)

முன்னுரை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். சங்கம் தொடங்கிய கதையையும் வளர்ந்த கதையையும் அன்பர் பலர் இம்மலரிலேயே எழுதுகின்றனர். ஆதலின், நாம் அதற்கு முற்பட்ட ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். நம் முன்னோர் ஏட்டைக் கையில் எடுத்துப் பிறர் துணையின்றித் தாமே ஓதத் தொடங்கியபோது, 'இறந்தபின் என்ன?' என்னும் வினாவுக்கு என்னென்ன விடைகள் கண்டனர் என்பதே அவ்வரலாறு.

கல்விச் சங்கத்தின் மலரில் மறுமையைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். எழுதப் படிக்கக் கற்பது அரசுப் பணிக்கு மட்டும் வழியன்று. தன் நம்பிக்கையைத் தானே ஆராய்ந்து கொள்ளும் உரிமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த உரிமையை நம்மவர் எவ்வாறு பெற்றனர், பெற்றபின் எவ்வாறு கையாண்டனர் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். மேலும், இவ்வினா நம் சமுதாயத்துக்கு வெறும் தத்துவ வினாவாக என்றுமே இருந்ததில்லை. ஏன் என்பதைக் கீழே காண்போம்.

பல சமயம் வாழும் பேட்டை

பெரம்பூர் உழைப்பாளர் ஊர். சென்னை இரயில்வேயின் பணிமனை 1856இல் இங்கே அமைந்தது. பின்னர் பக்கிங்காம், கர்னாடிக் என்னும் பின்னி ஆலைகள் எழுந்தன. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. செங்கற்பட்டிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் நம் மக்கள் கூலி தேடி வந்து இங்கே குடியேறினர். வந்தவர்கள் தத்தம் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர்.

ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் தெருவுக்கு அருகிலேயே லூர்து மாதா ஆலயத்தின் மணியோசை கேட்கும். சற்றுத் தள்ளி ஜமாலியாவின் தொழுகை அழைப்பு ஒலிக்கும். இவற்றினிடையே பௌத்த விகாரம் ஒன்றும் நம் பெரம்பூரில் எழுந்து, சென்னைப் பௌத்த இயக்கத்தின் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றிலும் சமயத்தின் சாயல் உண்டு. 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அடிகோலிய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும், வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் வைணவ பக்தி சபையை இப்பகுதியில் நடத்தி வந்தவர்களே. சங்கத்தின் தலைமையை ஏற்ற பி. பி. வாடியா பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்.

இத்தகைய ஊரில் ஒருவர் இறந்தால் என்ன நிகழும்? ஓட்டேரிக்கோ மூலகொத்தளத்துக்கோ உடல் போகும். சிலர் புதைப்பர், சிலர் எரிப்பர். சாவு மேளம் முழங்கும். இரவெல்லாம் மரண கானா பாடப்பெறும். அதில் போனவரின் பெருமையும், இருப்பவரின் துயரமும், உடம்பின் நிலையாமையும் ஒருசேர வரும். பதினாறாம் நாள் படையல் உண்டு. கிறித்தவக் குடும்பமாயின் போதகர் வந்து உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுவார். பௌத்தக் குடும்பமாயின் பஞ்சசீலம் ஓதப்பெறும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சமயமும் தம்பி ஒரு சமயமுமாக இருந்து, தகப்பனாரின் உடலை வாசலில் வைத்துக்கொண்டு, எந்த முறைப்படி எடுப்பது என வழக்காடியதையும் நாம் கண்டதுண்டு. இக்கட்டுரையின் பொருள் அத்தகைய வாசல்களோடு தொடர்புடையது.

ஏடு மறுக்கப்பட்டோர்

நூலை ஓதும் உரிமை நம்மவருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. வேதம் காதில் விழுவதே குற்றமெனத் தரும சாத்திரங்கள் விதித்தன. கோயில் வாயிலைக் கடக்கவும் உரிமையில்லை. ஆயினும் ஓதுவாரின் துணையில்லாமலேயே ஒரு செய்தி மட்டும் நம் குடிசை வரை வந்து சேர்ந்தது: 'நீ முற்பிறவியில் பாவம் செய்தாய், ஆதலால் இப்பிறவியில் இந்த நிலையில் பிறந்தாய். இங்கே அடங்கி உழைத்தால் மறுபிறவியில் உயர்வாய்.'

இளைஞர்கள் இதை நன்கு சிந்திக்க வேண்டும். பண்ணையாருக்கு மறுமை என்பது சாவுக்குப் பின் வரும் செய்தி. நம் பாட்டனுக்கோ அது அன்றாடக் கூலியின் அளவை நிர்ணயித்த செய்தி. குடிக்கும் தண்ணீரையும், நடக்கும் தெருவையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதையும் முற்பிறவிக் கணக்கைக் காட்டி மறுத்தார்கள். கணக்கைப் பார்த்தவர் எவருமில்லை. தண்டனையை அனுபவித்தவர் மட்டும் நாம். எனவேதான், நம்மவருள் எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறையினர் அந்தக் கணக்கு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது எனத் தேடிப் புறப்பட்டனர்.

பண்டிதர் அயோத்திதாசர்

அவ்வாறு தேடியவர்களுள் தலையாயவர் பண்டிதர் க. அயோத்திதாசர். 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பிற்காலத்தில் தம் பெயராகக் கொண்டார். ஆசிரியரைப் போற்றும் வழிகளுள் இதனினும் உயர்ந்தது உண்டோ என, ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் வியப்பதுண்டு.

அவர் முதலிலேயே பௌத்தராக இருந்தவரல்லர். நீலகிரியில் வாழ்ந்த இளமையில் அத்வைதத்தில் ஈடுபட்டு, அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நடத்தினார். 1885இல் கிறித்தவப் போதகரான ஜான் இரத்தினம் அவர்களோடு இணைந்து 'திராவிடப் பாண்டியன்' என்னும் இதழ்ப் பணியில் ஈடுபட்டார். 1891இல் திராவிட மகாசன சபையைக் கண்டார். 1892இல் சென்னை மகாசன சபையின் மாநாட்டுக்கு நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்று, நம்மவருக்கும் கோயிலுள் இடம் வேண்டும் எனக் கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர், மதுரை வீரனும் காத்தவராயனும் கருப்பண்ணனுமே உங்களுக்குரியவர் என்னும் பொருள்பட விடை வந்தது. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் உழுவதற்கு நிலமும் தாருங்கள் எனக் கேட்டு அமர்ந்தார் பண்டிதர். காத்தவராயன் என்னும் பெயருடன் பிறந்த ஒருவர், காத்தவராயன் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் அவர் ஏடுகளுக்குள் புகுந்தார். குறளையும் நிகண்டுகளையும், ஔவையாரின் நீதி நூல்களையும், காப்பியங்களையும், சுவடிகளையும் தம் கண்ணாலேயே படித்தார். பிறர் எழுதிய உரைகளை அப்படியே ஏற்காது, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்த்தார். நம் முன்னோர் பழம் பௌத்தர். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோதே அவர்களும் தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கண்ட முடிவு.

1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன், பி. கிருஷ்ணசாமி என்னும் பள்ளி ஆசிரியரையும் உடனழைத்துக்கொண்டு இலங்கை சென்றார். கொழும்பில் வித்யோதயப் பிரிவெனாவின் தலைவரான ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1898ஆம் ஆண்டுதான். தமிழரின் பௌத்தக் காப்பியம் உரைக்குறிப்புடன் அச்சேறிய ஆண்டிலேயே, தமிழர் சிலர் பௌத்தத்தை மீண்டும் வாழ்க்கையாக ஏற்றனர்.

தனித்து ஓதுதலும் கூடி ஓதுதலும்

1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் சுருங்கியது. ஆனால் பரப்பில் விரிந்தது. கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைத்த நம்மவர் கைகளுக்கு அது சென்றது. புத்தரின் வாழ்வையும் அறத்தையும் கூறும் 'ஆதிவேதம்' அதில் தொடராக வந்து, 1912இல் நூல் வடிவம் பெற்றது.

'தமிழன்' இதழில் வாசகர்கள் வினாக்களை எழுதி அனுப்புவர், பண்டிதர் விடையளிப்பார். சுரங்கத்தில் உழைப்பவரும், பட்டாளத்தில் இருப்பவரும், துரை வீட்டுச் சமையற்காரரும், பள்ளி ஆசிரியரும் சமயத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, அது அச்சில் வருவதைக் கண்டனர். நூலைக் கேட்கும் உரிமைகூட இல்லை என்று சொல்லப்பட்டவர்கள், நூலை நோக்கிக் கேள்வி கேட்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தை நம் கல்வி வரலாற்றின் முதல் வெற்றி எனலாம்.

ஒருவர் விளக்கடியில் தனித்து ஓதினார், ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே பலர் பேசினர். மீண்டும் வீட்டுக்கு வந்து ஓதினார். தனித்து ஓதுதல் இல்லாவிடின், மனிதன் பிறர் சொன்னதையே சொல்லும் கிளியாவான். கூடி ஆராய்தல் இல்லாவிடின், தன் மனத்தில் தோன்றியதெல்லாம் உண்மை எனக் கொள்வான். இரண்டும் வேண்டும் என்பதை அவர்கள் நடைமுறையில் அறிந்திருந்தனர்.

பண்டிதரின் சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது முறை. திருக்குறளை அவர் 'திரிக்குறள்' என்றும், திரிபிடகத்தோடு தொடர்புடையது என்றும் கொண்டார். இந்திரன் என்பது ஐந்து இந்திரியங்களையும் வென்ற புத்தரையே குறித்தது என்றார். போகிப் பண்டிகையைப் போதிப் பண்டிகை என்றார். இவற்றை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால், ஒருவர் உரைத்த பொருளைப் பிறிதொருவர் தம் அறிவால் சோதிக்கலாம் என்னும் வழியை நமக்குத் திறந்துவிட்டவர் அவரே. அவர் நூலையும் அவ்வழியிலேயே படிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பேராசிரியர் நரசு கண்ட விடை

இதே இயக்கத்தில் மற்றொரு பெரியார் இருந்தார். அவர் பேராசிரியர் பி. லட்சுமி நரசு. கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். 'தமிழன்' தோன்றிய 1907ஆம் ஆண்டிலேயே 'பௌத்தத்தின் சாரம்' எனப் பொருள்படும் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்நூலில் 'மரணமும் அதன் பின்னும்' என ஓர் அத்தியாயமே உண்டு.

உடலை விட்டு மற்றோர் உடலுக்குக் கூடு பாயும் நிலையான ஆன்மா என ஒன்று இல்லை என்பது அவர் கொள்கை. புத்தர் அனாத்மம் என்றதை அவர் எவ்விதத் தளர்ச்சியுமின்றி அப்படியே ஏற்றார். அப்படியாயின் வினை எங்கே போகிறது? ஒருவன் செய்த செயல்கள் அவன் மக்களிடமும், மாணவரிடமும், சமுதாயத்திலும் தங்கித் தொடர்கின்றன; தலைமுறை தலைமுறையாக மனித குலமே அவ்வினையைச் சுமந்து செல்கிறது என்னும் போக்கில் அவர் விளக்கம் அமைந்தது. ஆசிரியராகிய நமக்கு இது எளிதில் விளங்கும். நமக்கு எழுத்தறிவித்தவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயினும், அவர் கைபிடித்து எழுதுவித்த 'அ' இன்று நம் மாணவன் பலகையில் இருக்கிறது.

இக்கொள்கை நம்மவர் தலைமேல் வைக்கப்பட்டிருந்த பழைய சுமையை இறக்கி வைத்தது. முற்பிறவியில் பாவம் செய்த 'நான்' என ஒருவன் இல்லையெனில், அந்தப் பாவத்துக்கு இப்பிறவியில் தண்டனை பெறவேண்டியவனும் இல்லை. சேரியின் நிலைக்குக் காரணம் சேரியில் பிறந்தவனின் பழைய வினை அன்று. சேரியை அமைத்தவர்களின் இன்றைய வினை.

பண்டிதரும் பேராசிரியரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். பண்டிதர் தமிழ் நூல்களிலும் மக்களின் விழாக்களிலும் சடங்குகளிலும் பௌத்தத்தைத் தேடினார். அம்மன் வழிபாட்டின் மூலத்தையும் ஒரு பௌத்தத் துறவியின் நினைவிலே கண்டார். பேராசிரியரும், அவரோடு மகாபோதி சங்கத்தில் தொண்டாற்றிய ம. சிங்காரவேலரும் பகுத்தறிவுக்கு ஒவ்வாத சடங்குகளை ஏற்க மறுத்தனர். இருசாராரிடையே கடுமையான விவாதங்கள் நிகழ்ந்தன. சிங்காரவேலர் பின்னர் பொதுவுடைமை இயக்கத்துக்குச் சென்று, 1923இல் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடினார். 1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தபின், தென்னிந்திய பௌத்த சங்கத்தின் தலைமை பேராசிரியர் நரசுவிடம் அமைந்தது. கோலாரில் கோ. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைப் பின்னாளில் மீண்டும் நடத்தினார். பெரம்பூர், இராயப்பேட்டை, கோலார் எனப் பல இடங்களிலும் இயக்கம் தொடர்ந்தது. கருத்து வேற்றுமையால் அது அழிந்துவிடவில்லை.

ஒரே குடும்பம், வேறு நம்பிக்கை

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அயோத்திதாசரின் மைத்துனர். பண்டிதர் பௌத்தத்தில் விடுதலை கண்டார். சீனிவாசனோ 1893இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் நடத்தி, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து உரைப்பதே வழி எனக் கொண்டார். மதம் மாறுவது வேண்டாததென்பது அவர் நிலை. நாம் வருணத்துக்குப் புறம்பானவர். உள்ளே இல்லாதவர் எங்கிருந்து வெளியேறுவது என்பதே அவர் கேட்ட கேள்வி. கொண்டு கொடுத்த உறவினர் இருவர், சமயத்தில் இரு வேறு திசையில் நின்றனர்.

சுவாமி சகஜானந்தர் சைவ நெறியில் ஊன்றியவர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் கண்டார். ஜான் இரத்தினம் கிறித்தவர். ஆல்காட்டு பிரம்மஞான சபையின் தலைவர். 1894இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். மோட்சம், முத்தி, நிர்வாணம், மறுபிறப்பு, உயிர்த்தெழுதல் என இவர்கள் ஒவ்வொருவரும் சாவுக்கு அப்பால் கண்டது வேறு வேறு. சாவுக்கு இப்பால் அனைவரும் ஒரே பணியைச் செய்தனர்: பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர்.

திரு. வி. கலியாணசுந்தரனார் சைவப் பற்றில் ஊறியவர். இளமையில் அவர் முடக்கு நோயுற்றபோது மருத்துவம் செய்து நடக்க வைத்தவர் அயோத்திதாசர். பௌத்தர் கையால் நலம் பெற்ற அந்தச் சைவரே பிற்காலத்தில் பின்னி ஆலைத் தொழிலாளருக்காக உழைத்தார். நம் பக்கத்துப் பேட்டை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. நோயாளியின் மறுமைக் கொள்கையைக் கேட்டபின் மருந்து கொடுக்கவில்லை பண்டிதர்.

இதற்கு மாறாக, பிளவின் விலை என்ன என்பதையும் நம் பகுதி அறியும். 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியின் வழியே இரு கூறாயினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. 1996இல் ஆலையும் மூடப்பட்டது. அந்த வடு மட்டும் முதியோர் பேச்சில் நெடுநாள் இருந்தது.

அண்ணல் அம்பேத்கரின் முடிவு

பேராசிரியர் நரசுவின் நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். சென்னையில் எழுந்த சிந்தனை இவ்வாறு அகில இந்தியாவுக்கும் சென்றது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் பௌத்தம் ஏற்றபோது 22 உறுதிமொழிகளைத் தந்தார். அவற்றுள் ஒன்று, சிராத்தம் செய்வதில்லை, பிண்டம் வைப்பதில்லை என்பது. இறந்தோர் பெயரால் இருப்போர் கடன்படுவதை அது நிறுத்தியது.

அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் மறுபிறப்பைப் பற்றி அவர் விரிவாக ஆராய்கிறார். உடலின் பூதங்கள் இயற்கையின் பூதங்களோடு கலந்து மீண்டும் உருவாதலை அவர் ஏற்கிறார். அதே ஆன்மா மீண்டும் பிறத்தலை ஏற்கவில்லை. முற்பிறவி வினையே இன்றைய வறுமைக்குக் காரணம் என்னும் கொள்கை, ஏழைகளின் நிலைக்குச் சமுதாயமும் அரசும் பொறுப்பேற்காது தப்பிக்கச் செய்யும் சூழ்ச்சி என அவர் கண்டார். நம் பாட்டனின் கூலியைக் குறைத்த அதே கணக்கை அண்ணல் இங்கே கிழித்தெறிகிறார்.

உலகில் பௌத்தர் அனைவரும் இவ்விளக்கத்தை ஏற்றனர் எனக் கருதற்க. இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் மறுபிறப்பில் நம்பிக்கையுடைய பௌத்தரே மிகுதி. இறந்தோருக்குப் புண்ணியம் சேர்க்கும் சடங்குகளும் அங்கே உண்டு. அண்ணல் தாமே ஓதினார். தம் மக்களின் துயரை உரைகல்லாக வைத்துத் தம் முடிவுக்கு வந்தார்.

காலாமரும் மணிமேகலையும்

புத்தர் இதுபற்றி என்ன கூறினார் என இளைஞர் கேட்கலாம். பாலி நூல்களில் இரு செய்திகள் நினைக்கத்தக்கவை. மாலுங்கியபுத்தர் என்னும் பிக்கு, இறந்தபின் ததாகதர் இருக்கிறாரா இல்லையா என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறினாலன்றி நோன்பிருக்கமாட்டேன் என்றார். நச்சு அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எம்மரத்தால் ஆனது என்பவற்றை அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால், அறிவதற்குள் இறந்துபோவான் எனப் புத்தர் உவமை கூறினார்.

கேசமுத்தியில் வாழ்ந்த காலாமர் மற்றொரு சிக்கலோடு வந்தனர். வருகிற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையை இகழ்கின்றனர்; யாரை நம்புவது எனக் கேட்டனர். மரபு என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, சொல்பவர் ஆசான் என்பதற்காகவோ ஏற்க வேண்டா. நன்மை தருவது எது, தீமை தருவது எது என நீங்களே ஆராய்ந்து கொள்க என்றார் புத்தர். அதன்பின், பகையின்றித் தூய உள்ளத்தோடு வாழ்பவனுக்குரிய ஆறுதல்களைச் சொன்னார். மறுமை என ஒன்று இருக்குமாயின், நல்வினை செய்த அவன் நற்கதி அடைவான். இல்லையாயினும், இவ்வுலகிலேயே துன்பமின்றி இன்பமாக வாழ்வான். இருவகையிலும் அவனுக்கு இழப்பில்லை. மறுமையை நம்புவோனும் நம்பாதோனும் ஒரே அறத்தில் நிற்க இதனினும் அகலமான வாசல் வேண்டுமோ?

நம் தமிழ்க் காப்பியமும் இவ்வழியதே. மணிமேகலை வஞ்சி நகரத்தில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி எனப் பலரின் கொள்கைகளையும் பொறுமையாகக் கேட்கிறாள். மறுபிறப்பே இல்லை என்ற பூதவாதியை அவள் மறுத்துக் கேள்வி கேட்கிறாள். ஆனால் அவன் சொல்வதை முழுதும் கேட்ட பின்னரே மறுக்கிறாள். அதே காப்பியத்தில் புகாரின் ஈமக்காட்டைப் பற்றிய பகுதியில், பிணத்தைச் சுடுவோர் முதல் தாழியில் இட்டு மூடுவோர் வரை ஐவகை மக்களைக் காண்கிறோம். எல்லா வகையினரும் ஒரே காட்டுக்குத்தான் வருகின்றனர்.

நம்பிக்கையின் விலை

நம்பிக்கை மனத்தைச் சேர்ந்தது; எனினும் நம்மவருக்கு அது தாலுகா அலுவலகச் சான்றிதழையும் சேர்ந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, பெரும்பாலும் இந்துக்களை மட்டுமே பட்டியலில் கொண்டது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர் சேர்க்கப்பட்டது 1990இல்தான். நாகபுரிக்கும் அந்தச் சட்டத் திருத்தத்துக்கும் இடையே 34 ஆண்டுகள் கடந்தன. பௌத்தம் ஏற்றவர் பலர் சான்றிதழில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக வாழ நேர்ந்தது. கிறித்தவரான நம் உறவினர்க்கு அவ்வாணையில் இடமளிக்கப்படவில்லை; சேரியில் அவர்களுக்குக் கிடைத்த மதிப்போ மற்றவர்க்குக் கிடைத்ததேதான். ஒரு பாட்டனின் இரு பேரப்பிள்ளைகளுள் ஒருவனுக்கு உதவித்தொகை ஒரு விதம், மற்றவனுக்கு வேறு விதம் என்னும் நிலையை ஆசிரியராயிருந்து நாம் விண்ணப்பப் படிவங்களில் கண்டு வருகிறோம்.

எனவே, ஒருவர் வீட்டில் புத்தர் படம் இருந்து சான்றிதழில் வேறு சமயம் இருப்பதைக் கண்டு இளைஞர் எள்ளி நகையாடுதல் தகாது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு நம்பிக்கையைக் காத்தவர்களின் வரலாறு அதற்குள் இருக்கிறது.

முடிவுரை

இளைஞர்களே! நாம் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். நூலை ஓதும் உரிமையை நம் முன்னோர் போராடிப் பெற்றனர். பெற்றபின் எல்லாரும் ஒரே விடையைக் காணவில்லை. அயோத்திதாசர் ஒன்று கண்டார். நரசு ஒன்று கண்டார். சீனிவாசன், சகஜானந்தர், ஜான் இரத்தினம் வேறு வேறு கண்டனர். அண்ணல் தம் முடிவை எழுதி வைத்தார். தாமே ஓதுவோர் வேறுபடுவது இயல்பு. வேறுபாடே இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் மட்டுமே ஓதுகிறார் என்பது பொருள்.

ஆகவே, உங்கள் சமய நூல் எதுவாயினும் அதை நீங்களே படியுங்கள். திரிபிடகமாயினும், விவிலியமாயினும், திருக்குர்ஆனாயினும், திருமுறையாயினும், பிறர் எடுத்துக் காட்டும் இரண்டு வரியோடு நின்றுவிடாது முழுதும் படியுங்கள். மறுமை இல்லை என முடிவு செய்தவரும் நூலைப் படித்தபின் முடிவு செய்யுங்கள். ஐயம் எழுந்தால் நம் சங்கத்தின் மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் கூடிப் பேசுங்கள். பேசியபின் உடன் அமர்ந்து தேநீர் அருந்துங்கள்.

நம் சமுதாயத்தில் ஒருவர் இறந்தால், எந்த முறைப்படி எடுப்பது என்பதை இறந்தவரின் விருப்பத்துக்கு விடுவோம். அவர் சொல்லாது சென்றிருந்தால், அவரைக் கடைசி வரை பேணியவர் சொல்லுக்கு விடுவோம். மந்திரம் ஓதுவோரும், செபிப்போரும், பஞ்சசீலம் சொல்வோரும், எதுவும் சொல்லாமல் நிற்போரும் ஒரே பாடைக்குத் தோள் கொடுப்போம். அவர் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அன்று நம் எல்லாருக்கும் பொதுவான சடங்கு. இறந்தவர் எங்கே சென்றார் என்பதில் நாம் வேறுபடலாம். அவர் விட்டுச் சென்ற பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதில் நம்முள் வேற்றுமை இல்லை. இந்த 25 ஆண்டுகளாக நம் சங்கம் நின்ற இடம் அதுவே. இனியும் நிற்க வேண்டிய இடம் அதுவே.